உங்கள் தம்பி ஊசி போட்டுக்கொண்டார்

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் வயிற்றில் இருப்பதும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நேற்று டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, ஊசி நன்றாக வேலை செய்கிறது, குழந்தையும் நன்றாக வளர்கிறது என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். உடனே உங்களுக்குத்தான் எழுதத் தோன்றியது.

ஐந்தாம் மாதப் பரிசோதனையில் எனக்குச் சிபிலிஸ், உறவில் தொற்றும் நோய், என்றார்களே, ஒரு வலி இல்லை, புண் இல்லை. ஆனால் விட்டால் பிள்ளையே தங்காமல் போகலாமாம். என்னை மட்டும் குணப்படுத்திப் பயனில்லை, வீட்டுக்காரரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உங்கள் தம்பியோ, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று இரண்டு வாரம் இழுத்தடித்தார்.

அப்புறம் யார் கண்ணிலும் படாமல் இரண்டு பஸ் மாறி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தம் எடுப்பவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாராம். முடிவெட்டுகிற உங்கள் தம்பிக்கு முகமா வேண்டும்? பிடரியில் இருந்த இரண்டு சுழியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பத்து வருட வாடிக்கைக்காரர்! மனுஷன் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்குத்தான் வெட்கத்தை விட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் முகத்துலடா முழிப்பே?" என்றீர்கள். கூடப் பிறந்தவரை விட்டுக்கொடுக்காமல் பேசுவீர்களோ என்று பயந்திருந்தேன். என்னை மன்னியுங்கள்.

மறுநாளே அதே ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த வாடிக்கைக்காரர் சிரித்துக்கொண்டே, "உங்க கத்திக்கு நான் கழுத்தைக் காட்டலையா? என் ஊசிக்கு நீங்க கையைக் காட்டுங்க" என்றாராம். உங்கள் தம்பிக்கும் அதே நோய்தான் இருந்தது. ஊசி போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அந்த வாடிக்கைக்காரர் வழக்கம்போல் சவரத்துக்கு வந்து, மழையைப் பற்றியே பேசிவிட்டுப் போனாராம். நல்லா இருக்கட்டும்.

எங்கிருந்து வந்தது என்று உங்கள் தம்பி என்னிடம் சொல்லிவிட்டார். நீங்கள் கேட்க வேண்டாம். இரண்டு மாதமாக அவரோடு நானாகப் பேசவில்லை. இன்று காலை கூடத்தில் நாற்காலியைப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "நுனியைக் கொஞ்சம் வெட்டி விடுங்க" என்றேன். எத்தனை தலை பார்த்த கை, அண்ணி! அரை விரல் நுனி வெட்ட அரை மணி நேரம் ஆயிற்று. நான் எழுந்திருக்கவில்லை.

பிரசவத்துக்கு நீங்கள் வந்தாக வேண்டும். பிள்ளையை முதலில் உங்கள் கையில்தான் கொடுப்பேன்.

உங்களை என்றும் மறவாத
தம்பி மனைவி