பச்சைக் குடைக்காரியைப் பார்த்தேன்

என் பிரியத்துக்குரிய அண்ணே,

அலுப்பாக இருக்கிறது. பரமக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து, அக்காள்மடத்தில் உன் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று, முன்பின் தெரியாதவர்களிடம் "இது நீங்கதானா?" என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. எல்லாம் உன்னால்தான்.

எதிர் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களை, அதே ஆட்களை, அவர்களுக்கே தெரியாமல் வருஷக்கணக்காய்ப் படம் எடுத்து வைத்திருக்கிறாயே, ஒருத்தரிடமாவது ஒரு வார்த்தை கேட்டாயா? "ஊரான் வீட்டுப் பொம்பளைக படம் நமக்கெதுக்கு? எல்லாத்தையும் அழிச்சிருத்தா" என்கிறார் மதினி. அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நீ போன பிறகு ஊர்வாய்க்குப் பதில் சொல்கிறவர் அவர்தானே. ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. படத்தில் இருக்கிறவர்களிடமே காட்டுகிறேன், வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்று தவணை வாங்கினேன்.

சிலர் சிரித்தார்கள். ஒருவர் கண்டபடி ஏசினார். நேற்று பச்சைக் குடைக்காரி வந்தாள். பாலம் தாண்டி மண்டபத்துக்கு இறால் உரிக்கப் போகிறவள். எந்த வருஷத்துப் படத்திலும் அதே குடை, பக்கத்தில் அவள் புருஷன். போகப் போக அவரைக் காணோம்.

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டியதும் முகம் கடுத்துவிட்டது. "ஆரைக் கேட்டு எடுத்தாரு உங்க அண்ணன்? நாங்க என்ன வேடிக்கப் பொருளா?"

"அழிச்சிர்றேங்க்கா" என்றேன்.

ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். கச்சான் காற்று குடையைப் பிடுங்குகிறது. அவர் விரலை நீட்டி ஏசுகிறார். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள்.

"தூக்குச்சட்டிய மறந்துட்டு வந்ததுக்கு இந்தப் பேச்சு, தங்கச்சி" என்று அழுதாள். "வீட்ல மாலை போட்டிருக்கிற படத்துல கம்பு கணக்கா வெறைச்சு நிக்கிறாரு. இதுலதான் எங்க வீட்டுக்காரரு மாதிரி இருக்காரு. இத மட்டும் எனக்குக் குடுங்க. மிச்சம் வேணாம்."

அவள் கண்முன்னாலேயே மற்றதை அழித்தேன். எத்தனை காலைப்பொழுதை நீ அதில் கொட்டியிருப்பாய், அண்ணே?

எழுந்தவள் செல்போனை எடுத்தாள். "உங்க அண்ணன் எங்களப் படம் எடுக்குறாருன்னு எனக்குத் தெரியும். போலீசுல காட்டணும்னு நானும் அவர எடுத்து வச்சேன். எங்க வீட்டுக்காரருதான், 'போறான் விடு, கிறுக்கன்'னுட்டாரு."

பார்த்தால் நீ! கடைப்படியில் உட்கார்ந்து சட்டை நுனியால் கேமராவைத் துடைத்தபடி, எதற்கோ பல் தெரியச் சிரிக்கிறாய். உன் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஆதார் கார்டுப் படம்தான். ஊரையே எடுத்தாய், உன்னை எடுக்க எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

"இதையும் அழிச்சிரவா, தங்கச்சி?" என்றாள்.

நான் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். படத்தை என் செல்போனுக்கு அனுப்பிய பிறகுதான் விட்டேன்.

இன்னும் எத்தனையோ பேர் பாக்கி. நாளைக்கும் பஸ் ஏறுவேன். வேண்டாம் என்கிறவர் படம் ஒன்றுகூட நம்மிடம் தங்காது. உனக்கு விழ வேண்டிய ஏச்சையெல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன். உன் படத்தை மட்டும் யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன்.

சண்டை போட நீ இல்லாமல் நிற்கும்
உன் கூடப்பிறந்தவள்