பின்சீட்டில் ஆள் ஏறினால்

மச்சான்,

நேற்று உன் வேகன் காரை ஜாக்கியில் ஏற்றி நான்கு டயரையும் கழற்றினேன். மேல்பக்கம் அவ்வளவாகத் தேயவில்லை. ஆனால் பக்கச்சுவரெல்லாம் வெடிப்பு. புது டயரின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. சிலிபினில் இதே டயர் கடையில் இருபது வருடமாக இந்த வாடையில்தான் நிற்கிறேன். நேற்று மட்டும் தாங்க முடியவில்லை.

கூட வேலை செய்யும் சேகர் வந்து பார்த்தான். "அண்ணே, பதினேழு இன்ச் ரிம் போடலாம்லா. வேகன் கெத்தா நிக்கும்."

"பதினஞ்சே இருக்கட்டும்" என்றேன்.

பதினேழுக்கு ஆசைப்பட்டவன் நீதான். அந்தப் பழைய வேகனை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் தாழ்த்தினாய். ஸ்பேர் டயர் இருந்த இடத்தில் ஸ்பீக்கர் பெட்டி வைத்தாய். பிறகு எங்கேயோ தேடிப் பிடித்து, அகலமான சக்கர ரிம் நான்கைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். உன் வண்டிக்கு உரியதைவிட அவை ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். "டயர் ஃபெண்டர்ல உரசும்டா" என்று சொன்னேன். "நீ இருக்கியேலா, எதுக்கு?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகவே சக்கரத்தின் மேல் வளைந்திருக்கும் ஃபெண்டர் தகட்டின் உள்மடிப்பைத் தட்டி மடக்கினேன்.

காலி வண்டியில் எதுவும் உரசவில்லை. வேகன் என்றால் ஆளும் சுமையும் ஏறினதும் பின்பக்கம் இறங்கும். அப்போதுதான் உண்மை தெரியும். பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அன்று சனிக்கிழமை, கடையில் வரிசையாக வண்டிகள். சாவியைக் கொடுக்கும்போது நீ கேட்டாய்: "ஆள் ஏத்திப் பாத்துட்டியா மச்சான்?"

"பாத்துட்டேன்" என்றேன். பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம், பட்டப்பகலில், செமோர் பக்கத்துத் தோட்ட வீட்டில் உன் அம்மாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. நீ, உன் மனைவி, பக்கத்து வீட்டார் இருவர், நடுவில் அம்மா. ஐந்து பேரையும் சுமந்து தோட்டச் சாலையில் ஓடிய வண்டியின் பின் டயரை ஃபெண்டர் விளிம்பு அறுத்துவிட்டது. மாற்றிப் போட ஸ்பேர் இல்லை. கடைசியில் மணல் லோரிக்காரர் ஒருவர்தான் நிறுத்தி அம்மாவை ஏற்றிக்கொண்டார். அம்மா பிழைத்தார். அந்தக் கை மட்டும் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். அதை உன் மனைவி சொல்லித்தான் தெரியும். நீ என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே ரிம்களைக் கழற்றச் சொன்னாய். ஸ்பிரிங்கும் பழையதே திரும்பியது. பதினைந்து அங்குல ரிம், பக்கச்சுவர் உயர்ந்த டயர். இந்த முறை என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்து நீயே ஓட்டிப் பார்த்தாய். அதன்பின் இரண்டு மாதம் தினமும் மதியம் என் வீட்டில்தான் சாப்பிட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டுல சமைக்கல மச்சான்" என்றாய். நானும் நம்பினேன்.

போன வருடம் வேலையிடத்தில் உன் இதயம் நின்றுவிட்டது. காரியம் முடிந்ததும் உன் மனைவி வேகன் சாவியை என் கையில் வைத்து, "அண்ணே, அத்தைய ஆஸ்பத்திரிக்கு இனிமே நீங்கதான்" என்றாள். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் கைப் பயிற்சிக்கு அம்மாவை நான்தான் கூட்டிப் போகிறேன்.

இன்று காலை பயிற்சி முடிந்து திரும்பி வரும்போது அம்மா இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அம்மா, அன்னிக்கு டயர் வெடிச்சது என்னாலதான். ஆள் ஏத்திப் பாக்காமலே பாத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"தான்தான் ஏத்திப் பாக்கலன்னு அவன் சொன்னானே?" என்றார் அம்மா.

"எப்பம்மா?"

"ஆஸ்பத்திரியிலயே. நீ ஏத்திப் பாக்கச் சொன்னியாம், அவன்தான் கேக்கலையாம். ரெண்டு மாசம் அவன் கையால ஒரு வாய் சோறு வாங்கலய்யா நான்."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். என் பொய் தெரிந்துதான் பழியை எடுத்துக்கொண்டாயா, தெரியாமலே என்னைக் காப்பாற்றினாயா? இனி யாரிடம் கேட்பேன்?

வீட்டு வாசலில் அவர் இறங்க நான் கை நீட்டினேன். அம்மா அதைப் பிடிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

"ரெண்டு மாசம் அவன்கிட்ட பேசாம இருந்துட்டேனே" என்றார்.

வாசற்படி ஏறியபின் திரும்பிப் பார்த்தார். "செவ்வாக்கிழமை வருவியில்ல?"

"வாரேம்மா."

அம்மா உன்மேல் வைத்திருந்த கோபத்தின் அந்த இரண்டு மாதம் இப்போது என்னிடம் இருக்கிறது, மச்சான். என்னுடையதுதான் அது. நீ சுமந்தது போதும்.