பச்சைத் தாவரம் அல்லாத முதலாளி

அன்புள்ள மகளுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை, எழுதியாயிற்று. உன் அப்பா பரீட்சைக்குப் படிக்கிறார். சாயப்பட்டறையில் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சுற்றுச்சூழல் அடிப்படைத் தேர்வில் தேறவேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று சட்டம் வந்திருக்கிறது. தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் விடக்கூடாது என்றும் முன்பு ஒரு சட்டம் வந்தது, வந்த வழியே போய்விட்டது. இது போகாது போலிருக்கிறது. முதல் தடவை அப்பா தவறிவிட்டார். உணவுச் சங்கிலியில் உற்பத்தியாளர் யார் என்ற கேள்விக்கு எங்கள் முதலாளி என்று எழுதிவிட்டு வந்தார். பச்சைத் தாவரம் என்று எழுதவேண்டுமாம். அந்த ஆள் பச்சைப் பொய் சொல்லுவான்தான், அதுக்காகத் தாவரம் ஆயிடுவானா என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். இலை வெயிலைப் பிடித்துச் சாப்பாடு தயாரிக்கிறது, அதனால் அதுதான் உற்பத்தியாளர் என்று நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால், வெயில்ல நின்னது நான், பேரு இலைக்கா என்கிறார். சரி, இதுல நான் எங்கடி வரேன் என்று கேட்டார். மனிதன் அனைத்துண்ணி, எல்லாவற்றையும் தின்பவன் என்று போட்டிருக்கிறது என்றேன். எனக்குத்தான் சர்க்கரை இருக்கே என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்ததுதான், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சமையலறைக் கதவில் சாக்கட்டியால் உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை என்று எழுதி வைத்திருக்கிறேன், தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் படிக்கிறார், குடித்து முடிப்பதற்குள் மறந்துவிடுகிறார். திங்கட்கிழமை மறுதேர்வு, அதற்குமேல் வாய்ப்பில்லை. நேற்று வேலை முடிந்து வரும்போது பூட்ஸ், துண்டு, அங்கே மாட்டி வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இன்னும் தேர்வே எழுதவில்லையே, இப்போதே எதற்கு என்றேன். அப்புறம் உள்ள விடமாட்டாங்க என்றார். கண்ணாடியை மாட்ட நம் வீட்டில் ஆணி இல்லை, மேசைமேல் படுக்க வைத்திருக்கிறேன், மின்விசிறியைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடாமல் அலையாதே. எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது படிச்சீங்களா என்று கேட்காதே. உற்பத்தியாளர் யாருப்பா என்று விளையாட்டாகக் கேள். இன்று காலையிலும் முதலாளி என்றுதான் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா