மூணாவது ஓலை

அன்பு மகளேன்னு எழுத கை வரல, அதனால வெறும் ரெனிட்டாவுக்கு ஆம்பூர்லருந்து உங்கம்மா எழுதறது. கர்த்தர் கிருபையில இங்க எல்லாரும் இருக்கோம். நீ சுகமான்னு எப்பவும் கேப்பேன், இந்த தடவை கேக்க மாட்டேன். உன் போனை பிளாக் பண்ணி வெச்சிருக்கேன், அழுதாலும் எடுக்கறதா இல்ல. எதிர்வீட்டு சுகரா பேகம் மகன் மஸ்கட் திரும்பறான், வாயில வந்ததையெல்லாம் எழுதி அவன் கையில குடுத்தனுப்பறேன், முழுசா படி.

ஏன்டி, கூடப்பொறந்த தம்பி கல்யாணத்துக்கு எவளாவது தடை சொல்லுவாளா? சர்ச்சுல மூணு ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையில ரெண்டு வாசிச்சாச்சு, மண்டபம் சொல்லியாச்சு, பிரிசில்லாவுக்கு புடவை எடுத்தாச்சு. மூணாவது ஓலை அன்னைக்கு பாஸ்டர் நம்ம அபினேஷ் பேரைப் படிக்காம, தடை வந்திருக்கு, நிறுத்தி வைக்கிறோம்னு சபை நடுவுல சொல்றார். அவன் எவளையோ ஏமாத்திட்டான்னு பின்பெஞ்சுல குசுகுசுன்னு ஆரம்பிச்சிட்டாங்க, உங்கப்பா தலையை குனிஞ்சுக்கினு வெளிய போய்ட்டார். அப்புறம் பாஸ்டர் தனியா கூப்பிட்டு சொல்றார், போன் பண்ணது எங்க பொண்ணேதானாம். உங்கிட்ட ரெண்டு வாட்டி சொன்னேனேம்மான்னு கேப்பே. சொன்னே, இல்லன்னல. நம்ம ரத்தத்துலயே நல்ல கொழுப்பு கம்மி, தாய்மாமா நாப்பத்தொரு வயசுல ஷூ கம்பெனி மிஷின் மேல சாஞ்சதும் அதனாலதான், அவர் பொண்ணு பிரிசில்லாவுக்கும் தம்பிக்கும் டெஸ்ட் எடுக்காம முடிக்காதேன்னே. கொழுப்பு கம்மின்னா நல்லதுதானே, அதுக்குத்தானே ஊரே மாத்திரை முழுங்குதுன்னு நான் போனை வெச்சேன். அதுக்காக சர்ச்சுக்கு போன் பண்ணுவியா? உங்க அத்தை, புருஷனை இழந்தவ, எம்பொண்ணை நோய்க்காரின்னு பேர் கட்டிட்டீங்களேன்னு நம்ம வாசல்ல மண்ணை வாரித் தூத்திட்டு போனா.

அதுங்க ரெண்டும் யாருக்கும் சொல்லாம வேலூர் போய் ரத்தம் குடுத்துட்டு வந்துச்சுங்க. நாப்பதுக்கு மேல இருக்க வேண்டியது அபினேஷுக்கு பத்தொம்போது, பிரிசில்லாவுக்கு பதினேழு. ரத்தக்குழாய்ல படியறதை வாரிக்கினு போறதே அந்த நல்ல கொழுப்புதானாம், அப்பா அம்மா ரெண்டு பக்கத்து குறையும் சேர்ந்தா புள்ளைக்கு அது சுத்தமா இல்லாமலே போனாலும் போயிடுமாம். அதை ஏத்த சரியான மாத்திரையும் இல்லையாம், கெட்ட கொழுப்பை அடக்கி, சிகரெட்டை விட்டு, ஜாக்கிரதையா இருக்கணுமாம். பிரிசில்லா வந்து, வேணாம் அத்தை, எங்கப்பாவைத் தூக்கினு வந்தது போதும், அண்ணி மேல எனக்கு கோவமில்லன்னு புடவையை வெச்சிட்டு போய்ட்டா. அவளுக்கு இல்லாம இருக்கலாம், எனக்கு இருக்குது. அபினேஷ் சிகரெட்டை விட்டுட்டான், என்கூட பேசறதையும் விட்டுட்டான்.

அப்புறம் அந்த வேலூர் டாக்டரம்மா என்னை வரச்சொல்லி எனக்கும் பார்த்தாங்க, இருபத்தொண்ணு. வேற புள்ளைங்க இருக்காங்களான்னாங்க. மூத்தவ மஸ்கட்ல நர்சு, இவ்ளோ பேஜாரும் கிளப்பினவளே அவதான்னேன். ரத்தம் பார்க்காம இது யாருக்கும் தெரியாதேம்மா, அவங்க யார் ரத்தத்தை பார்த்து கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டாங்க. மாமாவுக்கு ஒரு டெஸ்ட்டும் எடுத்ததில்ல, எங்க யாருக்கும் எடுத்ததில்ல. பஸ்சுல வர்றப்ப ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. வந்த ரெண்டு வரனையும் விசா அது இதுன்னு தட்டி விட்டே, லீவுல மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினப்ப வெயில்மான்னே. எங்க எல்லாரோடதையும் சந்தியில இழுத்து போட்டியே, உன்னோடதை மட்டும் ஏன்டி முழுங்கினே?

மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைக்காதே. கர்த்தர் உன்னை கண்ணு மாதிரி காக்கட்டும், அது அவர் வேலை, நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். வேளாவேளைக்கு சாப்பிடு, நைட் டூட்டி ஜாஸ்தி வாங்காதே. பிளாக்கை இப்பத்தான் எடுத்தேன். மறக்காம கூப்பிடு, சமாதானம் ஒண்ணும் பேச வேணாம். உனக்கு எத்தனை, நெஞ்சு வலிக்குதா, நீ சுகமா இருக்கியா, அதை மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
கோவம் தீராத உங்கம்மா
ஜெபகனி