ஒரே சிலிண்டரில் ரெண்டு சம்பந்திகள்

அன்பு மகள் மிலுஸ்காவுக்கு அம்மா லிகியா எழுதறது. இங்கே நானும் ஆடுகளும் நல்லா இருக்கோம், காத்துதான் ஓயாம அடிச்சுக்கிட்டிருக்கு. அந்த ரோட்டர்டாம் குளிர்ல நீயும் மாப்பிள்ளை ஜெர்வினும் உன் வயித்துல இருக்கிற குட்டியும் சௌக்கியமா இருக்கணும்னு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஒரு மெழுகுவத்தி கூடுதலாவே ஏத்தினேன். காலுக்கு ரெண்டு உறையாப் போட்டுக்கோ, ஸ்டைல் பார்க்காதே.

போன மாசம் நீ போன்ல சொன்னது முள்ளாக் குத்திச்சுடி. பிரசவத்துக்கு வர்றதுன்னா ரெண்டு அம்மாவும் சமாதானமாகி ஒண்ணா வாங்க, இல்லேன்னா ரெண்டு பேருமே வேண்டாம்னுட்டே. பெத்தவளையும் மாமியாரையும் ஒரே தராசுல வச்சுட்டாளேன்னு அழுது தீர்த்தேன். நீயே சொல்லு, உன் கல்யாணத்துக்கு நான் விடிய விடிய கிளறின ஆட்டுக்கறியை வாயில வச்சுட்டு, உப்பளத்தையே சட்டியில கொட்டிட்டாங்களான்னு ஊர் முன்னால கேட்டவதானே அந்த எர்செலியா? அவ வீட்டுல பச்சைத்தண்ணி குடிக்க மாட்டேன்னு அன்னிக்கே சத்தியம் பண்ணினேன். ரெண்டு வருஷமா கோயில்ல அவ இந்தப் பக்கம்னா நான் அந்தப் பக்கம்.

சும்மா உட்கார்ந்து அழுதா பைத்தியம் பிடிச்சிடும்னுதான் ஸ்கூபா கிளப்புல சேர்ந்தேன். சிரிக்காதே. தபால் ஆபீஸ் டெல்னோ இருக்கானே, அவன் உள்ளூர்க்காரங்களுக்குன்னே ஆரம்பிச்சிருக்கான். டூரிஸ்டுங்க தினம் நம்ம வாசல்ல சிலிண்டரைக் கட்டிக்கிட்டு கடல்ல இறங்கறாங்க, நாம மட்டும் கரையில நின்னு அவங்க பாத்திரத்தைக் கழுவணுமான்னு கேட்டான், எனக்கும் நியாயமாத்தான் பட்டுது. சனிக்கிழமை படகுத்துறைக்குப் போனா, ரப்பர் உடுப்புக்குள்ள நுழைய முடியாம முக்கிக்கிட்டு நிக்கறது யாருங்கறே? உன் மாமியார்! திரும்பிடலாம்னு பார்த்தேன், பயந்து ஓடிட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவாளேன்னு நின்னுட்டேன். அதுக்குள்ள மத்தவங்க ஜோடி சேர்ந்தாச்சு. ஜோடி இல்லாம யாரும் தண்ணிக்குள்ள போகக்கூடாது, அதுதான் முதல் சட்டமாம். எங்க ரெண்டு பேரையும் பார்த்து டெல்னோ இளிச்சான், கடன்காரன்.

தண்ணிக்குள்ள யாருமே பேச முடியாது, அதனால எங்களுக்கு வசதியாப் போச்சு. ஆனா அடிக்கடி விரலை வளைச்சு வட்டம் காட்டி, நல்லா இருக்கியான்னு ஜோடியைக் கேட்டே ஆகணும், அவளும் வட்டம் காட்டியே ஆகணும். ரெண்டு வருஷமா கேட்காததை அங்க போய்க் கேட்டுக்கிட்டிருந்தேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான். இத்தனை காலம் சட்டியில பார்த்த மீனை அது வீட்டுக்கே போய்ப் பார்த்தேன் மிலுஸ்கா, எவ்வளவு அழகு!

போன சனிக்கிழமை பரீட்சை. ஒருத்தி காத்து தீர்ந்துட்டதா, கழுத்தை அறுக்கற மாதிரி கையால சைகை காட்டணும், ஜோடிக்காரி தன்னோட இன்னொரு மூச்சுக்குழாயைக் கொடுக்கணும், ரெண்டு பேரும் ஒரே சிலிண்டர்ல மூச்சு விட்டுக்கிட்டு மேல வரணும். நான் சைகை காட்டிட்டு என் குழாயை வாயிலேர்ந்து எடுத்தேன் பாரு, அந்த நேரம் கண்ணாடிக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. கண்ணு தெரியல, கையும் ஓடல காலும் ஓடல. உன் குழந்தை முகத்தைப் பார்க்காமலே போறேனேன்னு நினைச்சேன். எர்செலியா தன் குழாயை என் வாயில திணிச்சா, தோள் வாரைப் பிடிச்ச பிடியை விடவே இல்ல. பச்சைத்தண்ணி வேண்டாம்னவ, அவ முதுகுல இருந்த காத்தைக் குடிச்சுத்தான் உயிரோட மேல வந்தேன்.

மேல வந்தும் அவ விடல. லிகியா, அன்னிக்குக் கறியில உப்பு சரியாத்தான் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டா. கல்யாணம் முடிஞ்ச கையோட பிள்ளை விமானம் ஏறிடுவானேன்னு கண்ணுல தண்ணி நிக்கலியாம், என்னாச்சுன்னு பக்கத்துல இருந்தவங்க கேட்டதுக்கு உப்பு மேல பழியைப் போட்டுட்டாளாம். அடிப்பாவி, நானும் அதுக்குத்தானே அடுப்படியில அழுதுக்கிட்டிருந்தேன்! ரெண்டு பேரும் மிதந்துக்கிட்டே ஓன்னு அழுதோம், டெல்னோ பதறிப்போய் கயிறு வீசினான்.

அதனால ஜனவரி கடைசியில ஒண்ணாவே வர்றோம். அவளுக்கு விமானம்னா பயமாம், கையைப் பிடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேன். படியில பார்த்து ஏறு, டாக்டர்கிட்ட போறதைத் தள்ளிப் போடாதே, பெரிய சட்டி ஒண்ணு வாங்கி வை. மாதா உன் பக்கத்துலயே இருந்து சுகப்பிரசவம் ஆக்கித் தரட்டும்.

உன் அம்மா,
லிகியா

மருமகளே, பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் படிச்சேன். அதிகமா அழுதது உங்கம்மாதான். கறியை அவ கிளறட்டும், உப்பு நான் போடறேன்.
உன் அத்தை, எர்செலியா