கைக்கு வந்து சேரும் விலை

அக்கா,

இன்று மத்தியானம் அருவிக்கரைக் கடையில் மங்குஸ்தான் நிறுத்துக்கொண்டிருந்தேன். சாரல் உள்ளே அடித்ததில் தராசுத் தட்டு நனைந்துவிட்டது. அதைத் துடைப்பதற்குள் போன் சிணுங்கியது. லண்டன் ஏலக் கம்பெனியின் மெயில். உன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்து, உனக்குப் பிடித்த வகையில் புதிதாகச் சில காசுகள் ஏலத்துக்கு வந்திருக்கின்றன, பார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். பழம் வாங்க வந்தவர் கையை நீட்டியபடி நிற்க, நான் பையைக் கொடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். கணக்கு உன் பெயரில் இருந்தாலும் மெயிலும் போன் நம்பரும் கார்டும் என்னுடையவை. மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். உன்னிடம் கேட்காமல் போன கேள்வி ஒன்று எனக்குள் கிடந்து அறுக்கிறது. அதைக் கேட்கத்தான் இப்போது எழுதுகிறேன்.

கருவூல அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள், நீ காசுக்குப் போனாய் என்று உன்னை எத்தனை கேலி செய்திருப்பேன். நம் பக்கத்துச் செங்கோட்டை ஒரு காலத்தில் திருவாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்ததல்லவா, அந்த ராஜ்ஜியத்தின் வெள்ளிச் சக்கரக் காசின் மேல் உனக்கு அப்படி ஒரு பித்து. சட்டைப் பொத்தானை விடச் சின்னக் காசு. இங்கே புழங்கியதை லண்டனில் ஏலம் எடுக்க வேண்டியிருக்கிறதே என்று நான் அங்கலாய்த்தால், நீ லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரிப்பாய்.

முதல் காசு வாங்கிய கதையை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. சல்லிசாக விழுந்துவிட்டது என்று இலஞ்சியிலிருந்து போன் போட்டுக் குதித்தாய். மறுநாள் பில் வந்தது. ஏலம் முடிந்த விலைக்கு மேல் கம்பெனியின் கமிஷன், அதற்கு மேல் தபால், இன்சூரன்ஸ். பவுண்டை ரூபாயாக மாற்றிக் கொடுத்ததற்கு பேங்க் தன் பங்கைத் தனியாக எடுத்துக்கொண்டது. எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது கூரியர்காரர் உன் வாசலில் வந்து நின்று, சுங்க வரியும், அதை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்குத் தங்கள் கூலியும் கேட்டார். நான் பழ வியாபாரி. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏக்கா, இது பகல் கொள்ளையால்லா இருக்கு! நம்ம மண்டியில விக்கிறவன்ட்டதான் கமிஷன் பிடிப்பான். அங்கன வாங்குதவன்ட்டயும் பிடிக்கானே?”

“கொள்ளை இல்லலே. எல்லாத்தையும் முதல்லயே எழுதித்தான் போட்டிருக்கான். நாமதான் படிக்கல.”

அதற்குப் பிறகு நீ கணக்கைத் தலைகீழாகப் போட ஆரம்பித்தாய். இந்தக் காசு வீட்டுக்கு வந்து சேர மொத்தமாக எவ்வளவு தரலாம் என்று முதலில் ஒரு எல்லை. அதிலிருந்து சுங்கம், கூரியர் கூலி, பேங்க் பங்கு, தபால், கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவாய். மிஞ்சுவதுதான் நீ ஏலத்தில் கேட்கும் விலை. வேறு வலைத்தளம் வழியாகக் கேட்டால் அவர்களும் ஒரு பங்கு பிடிப்பார்கள் என்று, கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே நாள்கணக்கில் முன்னதாக விலையைப் பதிந்து வைத்துவிடுவாய். “கைக்கு வந்து சேருத விலைதான்லே விலை. மத்ததெல்லாம் பேச்சு” என்பாய்.

ஒரு முறை அழகான காசு ஒன்று உன் எல்லையைத் தொட்டுத் தாண்டியது. நான் பக்கத்தில் இருந்தேன்.

“இன்னும் கொஞ்சம் ஏத்துக்கா, வந்துரும்.”

“எல்லைன்னா எல்லைதான். அதுக்கு மேல ஏத்துனா அது ஆசை இல்லலே, வீம்பு.”

காசு யாருக்கோ போனது. நீ எழுந்து அடுப்பில் பால் வைக்கப் போய்விட்டாய். எனக்குத்தான் ஆறவில்லை.

போன ஆனியில் உன் கல்லீரலில் இருந்த நோய் முற்றியது. திருநெல்வேலி டாக்டர், இன்னொரு மருந்து இருக்கிறது, முயன்று பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். நீ அவரைக் கேட்டாய்: “இதுக்கு மேல என்னென்ன சேரும் டாக்டர்?” படுக்கை, ஸ்கேன், அடிக்கடி ரத்தம் ஏற்றுவது, எந்நேரமும் கூட ஒரு ஆள் என்று அவர் சொல்லச் சொல்ல நீ தலையாட்டினாய். ஏலக் கம்பெனியைக் கேட்பது போல டாக்டரையும் கேட்கிறாளே என்று, அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பும் வழியில், ஆலங்குளம் தாண்டியதும், “போதும்லே. வீட்லயே இருக்கேன்” என்றாய்.

சேதி கேட்டு இங்கிலாந்திலிருந்து உன் மகன் செந்தில் வந்தான். சென்னைக்குக் கூட்டிப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். நீ அசையவில்லை. பெற்ற பிள்ளை, பிடிவாதத்தில் அவனும் உன்னைப் போலத்தானே. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்புக்கு என்னை இழுத்துப் போனான்.

“மாமா, அம்மா தெளிவாத்தான் பேசுதாங்களா? வலி மருந்து போட்டிருக்கு. அந்த மயக்கத்துல சொல்லுததக் கேட்டு விட்டுட்டோம்னா, பின்னால நம்மளால தூங்க முடியாது.”

“காலைலதான்டே ஒரு காசுக்கு விலை போட்டா. பவுண்டு இன்னைக்கு என்ன ரேட்டுன்னு எங்கிட்ட கேட்டு, எல்லாத்தையும் கழிச்சுப் போட்டா. மயக்கத்துல உள்ளவ அப்படிக் கணக்குப் போடுவாளா?”

 நான் சொன்ன அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவன் உன்னை உன் இஷ்டத்துக்கு விட்டான். நானும் அதை நம்பித்தான் விட்டேன்.

ஆடி முடிவதற்குள் நீ போய்விட்டாய். நீ விலை போட்டு வைத்த ஏலம் உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகுதான் நடந்தது. அது எனக்கு மறந்தே போயிருந்தது. என் கார்டிலிருந்து பணம் கழிந்ததாக பேங்க் குறுஞ்செய்தி வந்தது. பின்னாலேயே கம்பெனியின் மெயில்: வாழ்த்துகள், காசு உங்களுக்கே. இறந்து போனவளுக்கு வாழ்த்து. 

அப்புறம்தான் தொகையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு நீ வைத்திருந்த மொத்த எல்லை எனக்குத் தெரியும், அன்று காலை உன் வாயாலேயே சொன்னாய். பேங்க் கழித்த பணமே அந்த எல்லை வரை வந்திருந்தது. இனிமேல்தான் பார்சல் வரும், சுங்கம் வரும், கூரியர் கூலி வரும். அப்படியானால் அவை இரண்டையும் நீ கழிக்கவே இல்லை. மறந்திருக்கிறாய். ஒரு நாளும் மறக்காதவள் மறந்திருக்கிறாய் என்றால் உன் புத்தி அன்று உன்னிடம் இல்லை. நான் செந்திலிடம் சொன்னது பொய். மருந்து மயக்கத்தில் நீ சொன்ன ‘போதும்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உன்னைச் சாக விட்டிருக்கிறேன்.

அதற்கு மேல் பில்லைப் படிக்கவும் தைரியம் இல்லை. கடை முன்னால் கூரியர் வண்டி நின்றாலே பின்பக்கம் போய்விடுவேன். இங்கிலாந்து திரும்பிய செந்தில் போன் செய்தால் அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று பேசியே வைத்துவிடுவேன். அவனும் வேறு எதையும் கேட்க மாட்டான்.

பார்சல் இங்கே வரவே இல்லை. ஒரு நாள் செந்தில்தான் கூப்பிட்டான்.

“மாமா, எம் பேருக்கு ஒரு கவர் வந்திருக்கு. உள்ள பொடிசா ஒரு வெள்ளிக் காசு. நீங்களா அனுப்பச் சொன்னீங்க?”

போனை வைக்காமலே பில்லைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில், அனுப்ப வேண்டிய முகவரி என்ற இடத்தில் செந்திலின் வீடு. நீ மாற்றி வைத்திருக்கிறாய். அந்த நாட்டுக்குள்ளேயே போகும் காசுக்குச் சுங்கம் ஏது, கூரியர் கூலி ஏது? கமிஷனுக்கு அங்கே ஒரு வரி உண்டாம், அதைக்கூட விடாமல் கழித்திருந்தாய். எல்லாம் சேர்த்துக் கூட்டினேன். உன் எல்லைக்குள் கச்சிதமாக நின்றது. நான் செந்திலிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், இத்தனை நாள் பயந்து கிடந்தது உட்பட.

“அப்போ அம்மா தெளிவாத்தான் இருந்திருக்காங்க மாமா” என்றான். அவ்வளவுதான், அழுதுவிட்டான். அவனும் அதே சந்தேகத்தைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். அன்றிலிருந்து அவன் குரலே மாறிவிட்டது, வாரம் தவறாமல் பேசுகிறான்.

எனக்கு அப்படிப் பாரம் இறங்கவில்லை அக்கா. முகவரியை மாற்றிவிட்டு அதே காலையில் என்னைப் பார்த்து, “ஆவணியில காசு வந்துரும்லே, ரெண்டு பேரும் லென்ஸ் வச்சுப் பாப்போம்” என்று சொன்னாயே. காசு வரும்போது வாங்க நீ இருக்க மாட்டாய் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

என் கோபம் அதில்கூட இல்லை. டாக்டரிடம் நீ கேட்டாயே, இதற்கு மேல் என்னென்ன சேரும் என்று. அதுதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. அவர் ‘கூட ஒரு ஆள்’ என்றபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அப்போது, வியாபாரம் ஓடும் அருவி சீசனில், கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு உன்னோடு அலைந்துகொண்டிருந்தேன். “கடைய அடைச்சுட்டு இங்கன வந்து உக்காராதலே” என்று போகும்போதும் வரும்போதும் சொன்னாய். பாசத்தில் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். நீ கழித்துக்கொண்டிருந்திருக்கிறாய். படுக்கை, ஸ்கேன், ரத்தம், அதற்குக் கீழே நான். கழித்துப் போக மிஞ்சிய நாட்கள் கொஞ்சம்தான் என்று கண்டு, எல்லை போட்டுவிட்டாய்.

என்னையும் செலவுக் கணக்கில்தான் கழித்தாயா? நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் செலவு இல்லை அக்கா, தம்பி. வீம்பு என்று நீ திட்டினாலும் சரி, இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்றுதான் சொல்லியிருப்பேன்.