அமலா அக்கா பாடிய ராக் ஆல்பம்

வெள்ளிக்கிழமை, திண்டிவனம்.

விழுப்புரத்திலிருந்து அமலா அக்கா வந்திருக்கிறாள். தன் கணவரைப் புதைத்த அன்றுகூட அவள் அழவில்லை. கோயிலில் பாடுவதை மட்டும் அத்தோடு நிறுத்திவிட்டாள். இன்று சாயங்காலம் போனை நீட்டி, “ராக் ஆல்பம்டி, கேளு” என்றாள்.

முதல் பாட்டையே தாங்க முடியவில்லை. கிடாரும் டிரம்ஸும் முட்டி மோதின. தாளம் எங்கே விழுகிறது என்றே பிடிபடவில்லை.

“பேஜாரா இருக்குதுக்கா” என்றேன்.

மூன்றாவது பாட்டில் எல்லாம் அடங்கி, ஒரு பெண் குரல் மட்டும் முகாரியில் மெல்ல ஏறியது. உச்சிக்குப் போனதும் சுருதி விலகாமலே அலறலாக மாறியது. அது அக்காவின் குரல்.

“எப்பக்கா பாடுன?”

“பொம்மையார்பாளையத்துல ஒரு பேண்டு இருக்குது. ஒரு வருஷமா போய்க்கினு இருக்கேன். அங்க பாடும்போதுதான்டி எனக்கு அழுகையே வருது.”

அவள் இப்போதும் அழுதுவிடுவாளோ என்று பயந்துபோய் பாட்டை நிறுத்தப் போனேன். “இருடி, இன்னும் முடியல” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிவரை கேட்டோம். இவ்வளவு இருட்டான, இவ்வளவு அழகான பாட்டை நான் கேட்டதில்லை. முடிந்தபோது நான்தான் தேம்பிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்துபோய் தட்டில் சோறு போட்டு வந்து, “சாப்புடு” என்றாள்.